நிம்கியின் மூன்று கோல்களும் ங்கெம்திலிமின் ஒரு கோலும்

2013 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பதினேழு நிமிடம். காலை முதல் பெய்த மழை இரண்டரை மணிக்கு ஓய்ந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து மெல்லிய காற்று வீசியது. வானத்தில் இன்னொரு மழைக்குப் போதுமான மேகம் மிச்சமிருந்தது. சோனாதிகி மைதானத்தின் மூங்கில் மேடையில் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்திருந்த நிகிலேஷ்வர் சமாத்தார், அந்த ஊரில் அதுவரை யாரும் பிழையின்றிச் சொல்லியிராத ஒரு பெயரைப் பிழையின்றிச் சொன்னார். தொல்லை முழுவதும் அதிலிருந்து தொடங்கியது.

நிகிலேஷ்வர் ஊர் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருத ஆசிரியர். ஹேமாங்கினி நினைவுக் கேடயக் கால்பந்துப் போட்டியில் பத்தொன்பது ஆண்டுகளாக அறிவிப்பாளர். இரண்டாவது பணிக்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே அதைக் கூடுதல் ஒழுங்குடன் செய்துவந்தார். இருபத்து மூன்று வயதில் அவர் ஒரு தேர்வுக்காகக் காசிக்குப் போயிருந்தார். அவர் சொல்லிய சுலோகத்தைக் கண்மூடிக் கேட்ட பண்டிதர், முடிந்ததும் கண்ணைத் திறந்து, "ஐயா படித்தது சமஸ்கிருதமா, வங்காளமா?" என்று பணிவாக விசாரித்தார். வங்காள நாக்கில் அகரம் ஒகரமாக உருண்டுவிடும், வகரம் பகரமாகிவிடும், லக்ஷ்மி லொக்கியாவாள், ஆத்மா ஆத்தாவாகும். அன்று ரயிலில் திரும்பிவரும்போதே, தம் வாயிலிருந்து இனி எந்தப் பெயரும் உடைந்து வெளிவராது என்று நிகிலேஷ்வர் முடிவு செய்துகொண்டார். அதன்பின் பஞ்சாபிலிருந்து வந்த கோல்காப்பாளரும், மணிப்பூரிலிருந்து வந்த பின்கள வீரர்களும் சோனாதிகி மைதானத்தில் தங்கள் பெயரைத் தங்கள் தாய் சொல்வதுபோலவே கேட்டார்கள்.

ஒரே ஒருவனிடம்தான் அவர் தோற்றிருந்தார். அருணோதயா சங்கத்தின் முன்கள வீரன், நைஜீரியாவிலிருந்து வந்து மூன்று ஆண்டுகளாக அந்த ஊரிலேயே தங்கி ஆடுபவன், ஆறடி மூன்றங்குலம். அவன் பெயர் ங்கெம்திலிம். ஊர் அதை வாயில் போட்டு ஒரு வாரம் மென்றது. பிறகு நிம்கி என்று துப்பியது. நிம்கி என்பது மைதாவை உப்புப் போட்டுப் பிசைந்து, துண்டு துண்டாக வெட்டிப் பொரித்து, தேநீருடன் தின்பது. பெயரை முதலில் வைத்தவர், அவனுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போடும் மெஸ்ஸை நடத்திய பிரதிபா ஹல்தார். ஊருக்கெல்லாம் மாசிமா, சித்தி முறை. தட்டை வைத்துவிட்டு முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மீன்குழம்பு ஆறிவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். வங்காளியாகப் பிறந்த எவருக்கும் பள்ளிக்கும் பத்திரத்துக்கும் ஒரு நல்ல பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என்று இரண்டு உண்டு. இவனுக்கு மட்டும் ஒன்றோடு விட்டுவிட மாசிமாவுக்கு மனம் வரவில்லை.

போட்டியின் முதல் இரண்டு சுற்றுகளிலும் நிகிலேஷ்வரே "நிம்கி" என்றுதான் அறிவித்தார். நிம்கி மூன்று கோல்கள் அடித்தான். மூன்று முறையும் கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்று முறையும் நிகிலேஷ்வரின் காதில் காசிப் பண்டிதர் பணிவாக விசாரித்தார்.

அரையிறுதிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர் மெஸ்ஸுக்குப் போனார்.

"மாஸ்டர் மோஷாய், எதுக்கு சிரமம்? நிம்கியே போதும். பழகிடுச்சு" என்றான் அவன். மூன்று ஆண்டில் அவனுடைய வங்காளம், உள்ளூர் மீன் சந்தையின் வசவுகள் உட்பட, முழுமை பெற்றிருந்தது.

"பழகினது எல்லாம் சரியாயிடுமா? உங்கப்பா எப்படிக் கூப்பிடுவாரு? அப்படியே சொல்லு."

சொன்னான். முதலில் மூக்கிலிருந்து தனியே ஓர் ஒலி. அதற்கு ஓர் அசையின் முழு மதிப்பு. அடுத்த அசைகளில் குரல் சில இடத்தில் ஏறியது, சில இடத்தில் இறங்கியது. நிகிலேஷ்வர் திருப்பிச் சொன்னார். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"எங்க பாஷையில அப்படி ஒண்ணும் கிடையாது, மாஸ்டர் மோஷாய். ஆனா கேக்க நல்லாத்தான் இருந்தது."

நான்கு மாலைகள் இப்படிப் போயின. மூன்றாம் நாள் மாசிமா இரண்டு டம்ளர்களில் ஏதோ கறுப்பாகக் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன இது?"

"கஷாயம். ரெண்டு பேரும் மூணு நாளா மூக்காலயே முனகறீங்க. சளி நெஞ்சுல இறங்கறதுக்குள்ள குடிங்க."

"பாடம் நடக்குது, பிரதிபா தீதி."

"நடக்கட்டும். பேரச் சொல்லித் தரேன்னு வந்து என் பிள்ளையை சாப்பிட விடாம பண்றே. எனக்கும் பேரு சொல்லத் தெரியும், நினைவிருக்கட்டும். நீயும் நானும் ஒரே சந்துல வளர்ந்தவங்க."

நிகிலேஷ்வர் கஷாயத்தைக் குடித்தார். அவருக்கும் ஒரு வீட்டுப் பெயர் இருந்தது. அதை வைத்தவர்களும் அழைத்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சோனாதிகியில் அதை அறிந்த கடைசி ஆள் பிரதிபாதான். ஐம்பது ஆண்டுகளாக அவரோடு எந்த விவாதத்தையும் நிகிலேஷ்வர் இறுதிவரை கொண்டுபோனதில்லை.

நான்காம் நாள் அவன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான். சொன்னார். "அர்த்தம் தெரியுமா? என்னோடது என்கிட்டயே இருக்கட்டும்னு அர்த்தம்" என்றான். பிறகு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இலிஷ் மீன் தின்றான். அதன் பலனாக அரையிறுதியின் முதல் பாதி முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

அறுபத்தேழாம் நிமிடம், ஆட்டம் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, அவனை இறக்கினார்கள். நிகிலேஷ்வர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அருணோதயா சங்கத்தில் மாற்று ஆட்டக்காரராக இப்போது களமிறங்குபவர்" என்று நிறுத்தி, அந்தப் பெயரைச் சொன்னார்.

ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். எதிரணியான பஷ்சிம்பாடாவின் கோலுக்குப் பதினைந்து கஜம் முன்னால், இரண்டு கைகளும் தொங்க, மேடையை நிமிர்ந்து பார்த்தபடி அசையாமல் நின்றான். அவன் ஓடுவான் என்று நம்பி அவனைக் காவல் காத்த பஷ்சிம்பாடாக்காரன் அவனைத் தாண்டி இருபதடி ஓடிவிட்டான். எங்கிருந்தோ வந்த பந்து சேற்றில் வழுக்கி நிற்பவனின் காலடிக்கு வந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தான். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான்.

மறுநாள் காலை பஷ்சிம்பாடா சங்கம் ஆட்சேப மனு கொடுத்தது.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. முதல் இரண்டு சுற்றுகளில் ஒன்றிலேனும் ஆடாத எவரும் அரையிறுதியில் ஆடக் கூடாது. ஆடினால் வெற்றி எதிரணிக்கு. கடைசி நேரத்தில் காசு கொடுத்துக் கொல்கத்தாவிலிருந்து ஆள் பிடித்து வருவதைத் தடுக்க வைத்த விதி. யார் ஆடினார் என்பதற்கு ஒரே சான்று ஆட்டப் பதிவேடு. அதை எழுதுபவர் தபால் அலுவலக எழுத்தர் அனாதி மைத்தி. பதிவேடு நனையக் கூடாது என்பதற்காக அவர் மேடைக்கு அடியில் அமர்ந்து எழுதுவார். அங்கிருந்து மைதானம் தெரியாது. கூட்டத்தின் முழங்கால்கள்தான் தெரியும். எனவே ஒலிபெருக்கியில் என்ன கேட்கிறதோ அதை எழுதுவது அவர் வழக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக அதில் ஒரு பிசகும் வந்ததில்லை. அந்தப் பதிவேட்டின்படி முதல் சுற்றில் ஆடியவன் நிம்கி, இரண்டு கோல். இரண்டாம் சுற்றில் நிம்கி, ஒரு கோல். அரையிறுதியில் நிம்கி என்று ஒருவன் ஆடவே இல்லை. ங்கெம்திலிம் என்று முன்பின் தெரியாத ஒருவன் அறுபத்தேழாம் நிமிடம் திடீரென்று உள்ளே வந்து கோல் அடித்திருந்தான்.

இருவரும் ஒருவனே என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனுக் கொடுத்த பஷ்சிம்பாடா செயலாளர் பொட்லாவுக்கும் தெரியும். பதிவேட்டுக்குத்தான் தெரியாது.

மனுவில் இன்னொரு பத்தியும் இருந்தது. பிழை அறிவிப்பாளருடையது என்று விசாரணைக் குழு கண்டால், அவரை நீக்கி, வேறு தகுந்த ஆளை ஒலிபெருக்கியில் அமர்த்த வேண்டும். தகுந்த ஆளின் பெயரும் கொடுக்கப்பட்டிருந்தது: கைபேசிக் கடை தபன். துர்கா பூஜைப் பந்தல்களில் பாட்டுக்கு நடுவே கத்துபவன். கோல் போனால் அருணோதயாவுக்கு நஷ்டம். இந்தப் பத்தி நிறைவேறினால் நிகிலேஷ்வருக்கு ஞாயிற்றுக்கிழமைகளே இல்லை. மனைவி இறந்த பிறகு வாரத்தில் அவர் எதிர்நோக்கிய ஒரே நாள் அது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையான தருணமும் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹோமியோபதி மருத்துவர் அமியபூஷண் பைனின் மருந்தகத்தில் விசாரணை. அவரே குழுத் தலைவர். எந்தக் கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லாமல், சிறு உருண்டைகளாகப் பிரித்துக் கொடுப்பது அவர் இயல்பு. உறுப்பினர்கள் இருவரில் ஒருவர் வந்திருந்தார்; மற்றவர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். நடுமேசையில் பொரியும் பச்சைமிளகாயும் எண்ணெய்ப் பலகாரமும் காகிதத்தில் குவிந்திருந்தன. ஊரில் பாதி வாசலில் நின்றது.

"எதையும் முறைப்படி செய்யணும்" என்றார் டாக்டர். "நிகிலேஷ், மனுதாரரைக் கூப்பிடுங்க."

நிகிலேஷ்வர் எழுந்தார். மனுவின் அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். மனதில் எந்தச் சூதும் இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய இடத்திலிருந்து எழுப்பி, "ஸ்ரீ சௌரீந்திரநாராயண் குண்டு" என்று அழைத்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஸ்ரீ சௌரீந்திரநாராயண் குண்டு."

பொரியை அள்ளிக்கொண்டிருந்த பொட்லாவும் மற்றவர்களைப் போலவே வாசலைத் திரும்பிப் பார்த்தார். "யாருப்பா அது? இன்னும் வந்து சேரலியா? வெளியூர் ஆளா?"

"ஸ்ரீ சௌரீந்திரநாராயண் குண்டு. மூன்றாம் முறை."

"வரலைன்னா விட்டுட்டு ஆரம்பிங்க டாக்டர் பாபு" என்றார் பொட்லா. "எனக்கு ஏழரைக்கு வேற வேலை இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொட்லா, இது உன் மனுதானே?"

"ஆமா."

"கீழ யார் பேரு போட்டிருக்கு?"

பொட்லா மேசைக்கு அருகில் வந்து பார்த்தார். வக்கீல் குமாஸ்தா எழுதிய மனு. கையெழுத்து மட்டும் அவருடையது. உதடுகள் மெல்ல அசைந்தன. வாசலில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அது நான்தான்" என்றார். "ஆனா அது அப்படி இல்லியே. ஷோரீன். ஷோரீன்னு சொல்லியிருந்தா எழுந்திருப்பேன்ல. இந்த ஆளு ஏதோ மந்திரம் சொல்ற மாதிரி சொன்னா எனக்கு என்ன தெரியும்? எங்கப்பா செத்தப்போ புரோகிதர் சொன்னதுதான் கடைசி."

"சொன்னது தப்பா?"

பொட்லா யோசித்தார். நேர்மையான மனிதர், எரிச்சல்தான் அதிகம். "தப்புன்னு சொல்லல. சரியாத்தான் இருக்கும். அதான் புரியல."

மாசிமா வாசலில் இருந்தவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவரை யாரும் சாட்சிக்கு அழைத்திருக்கவில்லை.

"பொட்லா, உன் சொந்தப் பேரைச் சரியா சொன்னா நீ திரும்பிக்கூடப் பார்க்கல. அவன் நின்னாவது பார்த்தான்."

"அதைத்தான் நானும் கேக்கறேன் மாசிமா. தன் பேரைக் கேட்டா எவனாவது அப்படிச் சிலையா நிப்பானா? அடுத்தவன் பேரா இருந்தாத்தானே நிப்பான்?"

"அவனையே கேளேன்."

மூலையில், அவனுக்குப் போதாத ஒரு முக்காலியில், ங்கெம்திலிம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவனிடம் கேட்டார்: "ரெண்டுல எதுப்பா உன் பேரு?"

"அது அப்பா வெச்சது. இது மாசிமா வெச்சது."

"ரெண்டும்னு எழுத முடியாது. ஒண்ணு சொல்லு."

"சாப்பிடக் கூப்பிட்டா நிம்கின்னாத்தான் வருவேன், டாக்டர் பாபு." கொஞ்சம் தயங்கினான். "அப்பா போன வருஷம் போயிட்டாரு. டிக்கெட்டுக்குப் பணம் சேரல, நான் போகல. அன்னிக்கு மைக்ல அவர் கூப்பிடற மாதிரியே கேட்டது. அதான் நின்னுட்டேன். பந்து வந்தது என் தப்பில்ல."

பொட்லா பொரிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"பந்து விஷயத்துல எனக்கு ஆட்சேபம் இல்ல" என்றார் அவர். "பதிவேட்டு விஷயம்தான்."

மாசிமா விடவில்லை. "பதிவேடு, பதிவேடு. இங்க இருக்கறவன்ல எவனுக்கு ஒரே பேரு? டாக்டர் பாபு வீட்டுல புச்கு. அனாதி, நீ கேப்லு. பொட்லா பொட்லாதான். நைஜீரியாக்காரன்னா மட்டும் ரெண்டு பேரு ரெண்டு ஆளாயிடுவானா?" அவர் பார்வை அறையைச் சுற்றி வந்து நிகிலேஷ்வரின் மேல் நின்றது. வாய் திறந்தது. நிகிலேஷ்வர் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே திருகப்பட்டிருந்தது. மாசிமா வாயை மூடிக்கொண்டு, ஒரு கத்திரிக்காய்ப் பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் நிகிலேஷ்வரிடம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மன்னிப்புக் கேட்டால் ஒருவேளை ஒலிபெருக்கி தப்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "ஒரு பிழை நேர்ந்தது. நான் செஞ்ச பிழைதான்" என்றார். வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. "முதல் ரெண்டு சுற்றுல நான் சரியா சொல்லல. மூணாவதுல திருத்திக்கிட்டேன். திருத்தினதுக்கு என்னால மன்னிப்புக் கேக்க முடியாது."

"மைக் போயிடும் மாஸ்டர் மோஷாய்" என்று அனாதி பாபு கிசுகிசுத்தார்.

"தெரியும்."

டாக்டர் மறுநாளே தீர்ப்பை எழுதிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் மூவரும் ஒப்பமிடாமல் அது வெளியே வராது. கடற்கரைக்குப் போன உறுப்பினருக்கு அங்கே நண்டு பிடித்துப்போய்விட்டது. புதன், வியாழன், வெள்ளி, சனி என்று நாட்கள் போயின. ஞாயிறு, 18ஆம் தேதி, இறுதிப் போட்டி. எதிரே ஆடப்போகும் அணி களத்தில் நின்றது. அவர்களோடு ஆடப்போவது அருணோதயாவா பஷ்சிம்பாடாவா என்று தெரியாததால் இரண்டு அணிகளும் காலணி கட்டிக்கொண்டு, எல்லைக்கோட்டின் மேல் அடுத்தடுத்து நின்று, ஒன்றின் வெற்றிலையை மற்றொன்று வாங்கி மென்றுகொண்டிருந்தன. மேடைக்குக் கீழே தபன் பளபளக்கும் சொந்த மைக்கோடு தயாராக நின்றான். மேலே நிகிலேஷ்வர் பழைய மைக்கின் முன், கடைசி முறையாக இருக்கக்கூடும் என்று நினைத்து, அதை மூடும் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு, நேரே பேருந்து நிலையத்திலிருந்து வெயிலில் சிவந்த உறுப்பினரைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு, டாக்டர் வந்து இறங்கினார். உறுப்பினர் சைக்கிள் இருக்கையின் மேல் தாளை வைத்து ஒப்பமிட்டார். டாக்டர் மூங்கில் ஏணியில் ஏறி வந்தார்.

"நீங்கதான் படிக்கணும். விட்டுடாம, ஒவ்வொரு எழுத்தும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல."

"முடிவு என்ன?"

"கோல் செல்லும். அருணோதயா ஆடும். நீங்க இங்கயே இருப்பீங்க. ஆனா மைக்ல முதல்ல நல்ல பேரு ஒரு தடவ, உங்க வழியில. அப்புறம் வீட்டுப் பேரு, ஊர் வழியில. ரெண்டையும் அனாதி ஒரே வரியில எழுதுவாரு. ஆட்டக்காரங்களுக்கு மட்டும் இல்ல, நடத்தறவங்களுக்கும். பொட்லா கேட்டான், நியாயமாப் பட்டது. பட்டியல் பின்னாடி இருக்கு."

"பட்டியலுக்கு விவரம் யார் கொடுத்தது?"

டாக்டர் பதிலைச் சிறு உருண்டையாக்கினார். "மெஸ்ல ஒரு வேளை சாப்பிட்டேன்."

மைதானத்தின் அந்தக் கோடியில், துணி விரித்த முதல் வரிசை நாற்காலியில், மாசிமா குடையை மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லைக்கோட்டில் ங்கெம்திலிம் கையை உயர்த்திக் காட்டினான்.

டாக்டர் தாளை நீட்டினார். நிகிலேஷ்வர் இரண்டு கைகளாலும் வாங்கினார். பழக்கத்தில் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் திறந்துகொண்டார். மூன்று ஒப்பங்கள், தேதி, முத்திரை. பின்பக்கம் திருப்பினார். பட்டியலின் முதல் வரி: "அறிவிப்பாளர், ஸ்ரீ நிகிலேஷ்வர் சமாத்தார், வீட்டுப் பெயர் ப்யாப்லா." வாயைப் பிளந்துகொண்டு விழிக்கும் குழந்தைக்கு அந்தச் சந்தில் வைக்கும் பெயர் அது. அவர் அந்த வரியை இருமுறை, எழுத்தெழுத்தாகப் படித்தார். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.